போதும் என்னும் சொல்

பொருள் வாங்குவது கணக்கைச் சேர்ந்த செயல் என்றே பொதுவாக எண்ணுகிறோம். கையில் உள்ள பணம் இவ்வளவு, கடையில் சொல்லும் விலை இவ்வளவு, இரண்டுக்கும் இடையே ஓர் உடன்பாடு, அவ்வளவுதான். நமக்காக நாமே வாங்கும்போது இந்த எண்ணத்தில் பெரும் குற்றம் இல்லை. மலிவான குடையை வாங்கியவன் மழையில் நனைந்தால் நனைபவன் அவனே. ஆனால் பிறருக்காக வாங்கும்போது, அதுவும் தாமே தேர்ந்துகொள்ளும் நிலையில் இல்லாதவருக்காக வாங்கும்போது, அதே செயல் அறத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. அப்போது வாங்கும் பொருளில் நம் கணக்கு மட்டுமன்றி, அதைப் பெறுகிறவரைப் பற்றி நாம் உள்ளூரக் கொண்டிருக்கும் மதிப்பும் பதிந்துவிடுகிறது.

இதனை ஓர் எளிய பொருளை முன்வைத்து ஆராயலாம். கடற்கரை ஊர் ஒன்றில் இளைஞர்க்கும் இளம்பெண்களுக்குமாகப் புகைப்படக் கலையின் தொடக்க வகுப்பு ஒன்றை நடத்த விரும்புகிறோம் என்று கொள்வோம். மாணவர் பத்துப் பேர். பணமோ குறைவு. எந்தக் கேமராவை வாங்குவது? கடைக்காரரிடம் கேட்டால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய கேள்வி இது. ஆயினும் இதற்குள் ஒரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது: எளியவருக்கு எது போதும்? அதை முடிவு செய்பவர் யார்?

ஊரைப் பார்த்தவர்கள்

தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளங்களைக் கடந்து சென்றால் மன்னார் வளைகுடாவின் கரையில் தருவைகுளம் இருக்கிறது. ஆழ்கடலில் பல நாள் தங்கி வலைவிரிக்கும் விசைப்படகுகளால் பெயர்பெற்ற மீனவர் ஊர். அண்மை ஆண்டுகளில் இவ்வூரின் பெயர் நாளிதழ்களில் பெரிதாக இடம்பெற்ற வேளைகளை நினைத்துப் பாருங்கள். 2023 அக்டோபரில் தருவைகுளத்து விசைப்படகு ஒன்றும் அதிலிருந்த 12 மீனவரும் மாலத்தீவுக் கடலோரக் காவல் படையினரால் பிடிக்கப்பட்டனர். 2024 ஆகஸ்டில் 2 படகுகளும் 22 மீனவரும் இலங்கைக் கடற்படையினரால் சிறைபிடிக்கப்பட்டனர். அத்தகைய நாள்களில்தான் வெளியூர்க் கேமராக்கள் இக்கரைக்கு வருகின்றன. கண்ணீரும் கோரிக்கை மனுவும் படமாகின்றன. செய்தியாளர் தம் கடமையைச் செய்கிறார். அதில் குறைகூற ஒன்றுமில்லை. எனினும் துயர நாளில் மட்டும் படம்பிடிக்கப்படும் ஊர், துயரத்தின் முகத்தோடு மட்டுமே வெளியுலகின் நினைவில் தங்கிவிடுகிறது.

வலை பின்னும் விரல்கள், பனிக்கட்டி ஏற்றும் விடியற்காலை, கடலுக்குப் போனவர் திரும்பும்வரை வீட்டுக் கணக்கைத் தனியே நடத்தும் பெண்ணின் நிதானம், திருவிழாவுக்குச் சுண்ணாம்பு பூசிய சுவர் ஆகியவற்றைப் படம்பிடிக்க வெளியூரிலிருந்து எவரும் வருவதில்லை. அவற்றைப் பார்க்க அங்கேயே வாழ்பவரின் கண் வேண்டும். எனவே இவ்வூர்ப் பிள்ளைகள் கேமராவைக் கையாளக் கற்பது பொழுதுபோக்கு என்று ஒதுக்கத்தக்கதன்று. இதுவரை பார்க்கப்பட்டவர்கள் இனித் தாமே பார்க்கத் தொடங்குகிறார்கள். இந்த நோக்கத்தை மனத்தில் இருத்திக்கொண்டே கருவியைத் தேட வேண்டும். நோக்கத்தை மறந்துவிட்டால் விலைப்பட்டியல் ஒன்றே மிஞ்சும்.

இரண்டு தவறுகள்

எளியவருக்காகப் பொருள் வாங்குவோர் பெரும்பாலும் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். முதலாவது, “இவர்களுக்கு இது போதும்” என்று கிடைப்பதில் மலிவானதை வாங்கிவிடுவது. பள்ளிக்கு வழங்கும் கிழிந்துபோகும் பையிலும், மருத்துவ முகாமில் அளவு பாராமல் நீட்டும் மூக்குக்கண்ணாடியிலும் இதைக் காணலாம். இரண்டாவது, “சிறந்ததையே தருவோம்” என்று விலையுயர்ந்த ஒன்றை வாங்கி, அது உடைந்துவிடுமோ என்ற அச்சத்தால் அலமாரியில் பூட்டிவைப்பது. முதலாமவர் தம் பணப்பையைப் பார்க்கிறார். இரண்டாமவர் தம் பெருமையைப் பார்க்கிறார். மாணவனை இருவருமே பார்ப்பதில்லை.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் அறநூலின் நான்காம் பகுதியில், ஈகை என்னும் பண்பை ஊதாரித்தனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவே வைத்துப் பேசுகிறார். கொடுத்த தொகையைக் கொண்டு ஈகையை அளப்பதில்லை என்பது அவர் கருத்து. தக்கவருக்கு, தக்க அளவில், தக்க வேளையில் கொடுத்தானா என்பதே அளவுகோல். அப்படியானால் ஈகைக்கு நல்ல மனம் மட்டும் போதாது. பெறுகிறவரின் தேவையை அறியும் உழைப்பும் வேண்டும். அந்த உழைப்பைத் தவிர்ப்பதற்காகவே பலவேளைகளில் நாம் பணத்தைக் கூடுதலாகவோ குறைவாகவோ கொடுத்துவிட்டு நகர்கிறோம்.

“போதும்” என்ற நம் தமிழ்ச் சொல்லை இங்குச் சற்று உற்றுநோக்குதல் நன்று. “இந்த வேலைக்கு இது போதும்” என்று ஒரு தச்சர் உளியை எடுத்துக் காட்டும்போது, அச்சொல்லில் வேலையைப் பற்றிய அறிவு இருக்கிறது. “இவர்களுக்கு இது போதும்” என்று ஒரு கனவான் சொல்லும்போது, அதே சொல்லில் மனிதரைப் பற்றிய ஏளனம் இருக்கிறது. முன்னது எளிமை, பின்னது மலிவு. கடையில் இரண்டுக்கும் ஒரே விலையாகக்கூட இருக்கலாம். வேறுபாடு சொல்பவரின் பார்வையில் தொடங்கி, பெறுபவரின் வாழ்வில் போய் முடிகிறது.

குறைந்த விலையின் வரலாறு

குறைந்த விலைக் கருவியால் நன்மை விளையாது என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. 1900-ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் ‘பிரவுனி’ என்னும் பெட்டிக் கேமராவை ஒரே டாலர் விலையில் விற்கத் தொடங்கியது. சிறுவர்களை முன்வைத்தே அது விளம்பரப்படுத்தப்பட்டது. அதுவரை வசதி படைத்தோரின் கூடத்தில் இருந்த கலை தெருவுக்கு வந்தது. பின்னாளில் அமெரிக்க இயற்கைப் புகைப்படக் கலையின் பெரும் பெயராக விளங்கிய ஆன்சல் ஆடம்ஸ், 1916-இல் தம் 14-ஆம் வயதில் யோசமிட்டி பள்ளத்தாக்கில் முதன்முதலாகக் கையில் பிடித்தது பெற்றோர் தந்த ஒரு பிரவுனியைத்தான்.

நம் நாட்டிலும் இவ்வரலாறு உண்டு. ‘ஆக்ஃபா கிளிக் III’ என்னும் எளிய கேமராவை ஒரு தலைமுறை நன்கறியும். ஒரு சுருளுக்கு 12 சதுரப் படங்கள். எத்தனையோ வீடுகளின் முதல் குழந்தைப் படம் அதில் எடுத்ததே. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. நீலகிரியிலிருந்து வந்த அச்சுருள் நாட்டின் பல மூலைகளிலும் விற்றது. அந்நிறுவனம் இன்று இயங்கவில்லை.

ஆனால் இங்கே ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். பிரவுனியும் கிளிக்கும் எளிய கருவிகளாக இருந்ததற்குக் காரணம், பெரும்பாலான முடிவுகளை அவை முன்கூட்டியே எடுத்துவிட்டதுதான். பயன்படுத்துவோர் பொத்தானை அழுத்தினால் போதும். நினைவுக்காகப் படம் எடுப்பவருக்கு அது பெரிய உதவி. கற்பவரின் நிலை வேறு. அவருக்கென நீண்டகாலம் பரிந்துரைக்கப்பட்டது 1976 முதல் 1997 வரை தயாரான ‘பென்டாக்ஸ் கே 1000’. முழுவதும் இயந்திர விசையால் இயங்கிய அக்கேமராவில் ஒளிமானிக்கு மட்டுமே மின்கலம் தேவை. குவியத்தைத் திருப்புவதும், துவாரத்தின் அளவைத் தீர்மானிப்பதும், ஷட்டரின் வேகத்தை அமைப்பதும் பயன்படுத்துபவரின் வேலை. அதுவும் எளிய கருவியே; ஆனால் எதையும் மாணவனுக்காக முடிவு செய்யாத எளிமை அதனுடையது. உலகின் பல நாடுகளில் புகைப்பட ஆசிரியர்கள் அதை விரும்பியதற்குக் காரணம் இதுவே.

இருவகை எளிமை என்று இவற்றைக் கொள்ளலாம். ஒன்று முடிவுகளை மறைக்கிறது. மற்றொன்று முடிவுகளை வெளிப்படையாக மாணவன் கையில் வைக்கிறது. கற்பதற்கு உரியது இரண்டாவது எளிமை.

உப்புக் குவியல் கற்பிப்பது

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்குத் தருவைகுளத்தின் அருகிலுள்ள உப்பளமே சான்று. கேமராவின் தானியங்கி ஒளிமானி, எதிரில் உள்ளது எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக் கணக்கிடும்படி அமைந்தது. எனவே நண்பகலில் வெண்மையாக ஒளிரும் உப்புக் குவியலை அதன் போக்கில் படம் எடுத்தால், உப்பு அழுக்குச் சாம்பலாக வந்து நிற்கும். அந்த உப்புக்கு முன் கருநிறமுள்ள ஒரு தொழிலாளியை நிறுத்துங்கள். சுற்றியுள்ள வெண்மையைக் கண்ட கருவி ஒளியைக் குறைக்கும். மனிதரின் முகம் இருண்டுபோகும். கண்ணும் தெரியாது, களைப்பும் தெரியாது. ஓர் உருவம் மட்டும் தெரியும்.

கருவி எடுக்கும் முடிவு நடுநிலையானது என்று நாம் நம்பிவிடுகிறோம். வரலாறு வேறு சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டில் மேலைநாட்டு வண்ணப்பட அச்சகங்கள் நிறத்தைச் சரிபார்க்க ‘ஷெர்லி’ என்று பெயர்பெற்ற ஒரு மாதிரி அட்டையைப் பயன்படுத்தின. அதில் இருந்தது வெள்ளைத் தோலுடைய ஒரு பெண்ணின் படம். அவள் நிறம் சரியாக வந்தால் படம் சரி என்று கொள்ளப்பட்டது. கருநிற மக்களின் முகங்கள் தெளிவின்றிப் போனதைப் பல ஆண்டுகள் ஒரு குறையாகவே எவரும் கருதவில்லை. தீய எண்ணத்தோடு எவரும் அதைச் செய்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அளவுகோலை அமைத்த மேசையின் அருகே கருநிறத்தவர் எவரும் இல்லை என்பதே காரணமாகப் போதுமானது.

ஆகவே, தருவைகுளத்து மாணவி ஒருத்தி தன் தாயின் முகத்தைப் படம் எடுக்கும்போது, “கருவியே, நீ சொல்லும் அளவு இங்குப் பொருந்தாது, இந்த முகத்துக்கு இவ்வளவு ஒளி வேண்டும்” என்று மறுத்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அப்படி மறுப்பதற்கு இடம்தராத கேமரா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அவளுக்கு உரியதன்று. அது அவளுக்குக் கற்பிக்காது; கருவியின் தீர்ப்புக்குக் கீழ்ப்படியப் பழக்கும்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. தொடக்க மாணவனுக்குக் கருவியின் குறை எது, தன் குறை எது என்று பிரித்தறியத் தெரியாது. படம் மங்கினால், குவியம் தவறினால், முகம் இருண்டால், “எனக்கு இது வராது” என்றே முடிவு செய்வான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கருவியை மாற்றிப் பார்ப்பான். வசதியற்றவன் தன்னைப் பற்றிய கருத்தை மாற்றிக்கொள்வான். மலிவான கருவி செய்யும் தீங்கு இதுவே: தன் போதாமையை மாணவனின் போதாமையாக அவனையே நம்பவைத்துவிடுகிறது. நூறு ரூபாய் மிச்சப்படுத்தப் போய் ஒரு பிள்ளையின் தன்னம்பிக்கையை விற்றுவிடலாகாது.

கைப்பேசி இருக்கிறதே

ஒரு நியாயமான மறுப்பு இங்கே எழும். இன்று பெரும்பாலான வீடுகளில் கைப்பேசி இருக்கிறது. அதன் கேமரா பழைய கருவிகள் பலவற்றைவிடத் தெளிவாகப் படம் எடுக்கிறது. பின்னர் எதற்குத் தனிக் கேமரா? இருக்கும் கருவியை விட்டுப் புதியதைத் தேடுவது ஆசையே அன்றித் தேவையாகுமா?

இம்மறுப்பில் பெரும் உண்மை உண்டு. சட்டத்துக்குள் எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது, எந்தத் திசையில் ஒளி வருகிறது, எப்போது காத்திருப்பது என்னும் பாடங்களைக் கைப்பேசியைக் கொண்டே கற்பிக்கலாம். வகுப்பின் முதல் மாதத்தை அப்படி நடத்துவது அறிவுடைமையும் ஆகும். கேமரா வாங்க ஒரு குடும்பம் வட்டிக்குக் கடன் வாங்க நேருமானால், கைப்பேசியோடு நின்றுவிடுவதே நேர்மை. கற்பவரின் வீட்டைக் கடனில் ஆழ்த்தும் கல்வியைக் கல்வி என்று சொல்லத் தயங்க வேண்டும்.

ஆயினும் இரண்டு செய்திகளை மறந்துவிடக் கூடாது. ஒன்று, கைப்பேசி முடிவுகளை மிகத் திறமையாக மறைக்கிறது. பல படங்களை நொடியில் எடுத்துச் சேர்த்து, இருளை வெளுத்து, தோலை மழுக்கி, ‘அழகான’ ஒரு படத்தைக் கையில் தந்துவிடுகிறது. திரையில் முகத்தைத் தொட்டு ஒளியைக் கூட்டலாம்; ஆனால் ஏன் கூடியது, அதற்கு ஈடாக எது குறைந்தது என்பது தெரிவதில்லை. இரண்டாவது, வீட்டில் கைப்பேசி இருக்கிறது என்று சொல்லும்போது அது யார் கையில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். பல வீடுகளில் அது தந்தையிடமோ அண்ணனிடமோ இருக்கும். கடலுக்குப் போகிறவரோடு கடலுக்கே போய்விடும். வீட்டிலுள்ள பெண்பிள்ளைக்கு அது இரவல் பொருள். கேட்டு வாங்க வேண்டும், திருப்பித் தர வேண்டும், ஏன் என்று விடை சொல்ல வேண்டும். வகுப்பின் கேமராவோ அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே உரிமையோடு கையில் வரும். இந்தச் சமத்துவத்துக்காகவே சிறிது செலவு செய்வது தகும்.

கணக்கும் கடற்காற்றும்

இனி, கணக்குக்கு வருவோம். எவ்வளவு நுட்பம் போதும்? விற்பவர்கள் மெகாபிக்சல் எண்ணை உயர்த்திச் சொல்லி விலையை உயர்த்துகிறார்கள். நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். வகுப்பின் முடிவில் ஊர்க் கூடத்தில் 12 அங்குலம் அகலமும் 8 அங்குலம் உயரமும் உள்ள படங்களைக் காட்சிக்கு வைப்போம் என்று கொள்வோம். கூர்மையான அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். 3,600-ஐ 2,400-ஆல் பெருக்கினால் 86 லட்சத்து 40 ஆயிரம். அதாவது, 9 மெகாபிக்சலுக்கும் குறைவு. பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய சாதாரண எஸ்.எல்.ஆர். கேமராவே இதைத் தாராளமாகத் தரும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் இவ்வகுப்பைப் பொறுத்தவரை எண்ணுக்குக் கொடுக்கும் பணம்.

கேனன், நிக்கான் முதலிய நிறுவனங்கள் உள்ளே கண்ணாடி வைத்த எஸ்.எல்.ஆர். வகையை விட்டுக் கண்ணாடியற்ற வகைக்கு மாறிவிட்டதால், பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்கள் கைமாறும் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. துவாரம், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. எண் ஆகிய மூன்றையும் கையால் அமைக்க வழி, கண்ணை வைத்துப் பார்க்கும் துளை, தேவைப்பட்டால் கழற்றி மாற்றக்கூடிய லென்ஸ் ஆகியவை அவற்றில் உள்ளன. பிலிம் கேமரா இன்னும் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் ஒவ்வொரு சுருளுக்கும், கழுவுவதற்கும் ஆகும் செலவைக் கூட்டினால் சில மாதங்களில் அது விலையுயர்ந்த கருவியாகிவிடும். வாங்கும் விலை ஒன்று, வைத்துக்கொள்ளும் விலை ஒன்று என்பதை மாடு வாங்கும் உழவரும் எஞ்சின் வாங்கும் மீனவரும் நன்கு அறிவர்.

கடற்காற்றும் கணக்கில் சேர வேண்டும். உப்பும் ஈரமும் கலந்த காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும்; உலோக முனைகள் துருப்பிடிக்கும். காற்றுப் புகாத ஒரு டப்பாவும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும், கரையிலிருந்து வந்தவுடன் சற்றே ஈரமான துணியால் உப்பைத் துடைக்கும் பழக்கமும் இல்லையேல், எவ்வளவு சிறந்த கருவியும் நெடுநாள் தாங்காது. கருவியைப் பேணக் கற்பிப்பதும் பாடத்தின் ஒரு பகுதியே. தன் எஞ்சினை நன்னீரால் கழுவாமல் எந்தப் படகுக்காரரும் கரையில் விட்டுச்செல்ல மாட்டார்.

கைமாறிய பொருளை வாங்கும் கலை இக்கடற்கரைக்குப் புதியதன்று. 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன முத்துக்குளிப்பில், சிப்பிகளைத் திறந்து பார்க்காமல் ஆயிரக் கணக்கில் குவித்து ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து உண்டோ இல்லையோ, வாங்கியவர் பொறுப்பு. பழைய கேமராவும் மூடிய சிப்பிதான். ஆனால் பிறர் பிள்ளைகளுக்காக வாங்குகிறவர் சூதாட உரிமையற்றவர். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்று கேட்க வேண்டும். தொடக்கநிலைக் கேமராக்கள் சிலவற்றில் அது ஒரு லட்சம் முறை இயங்கும்படி சோதிக்கப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நல்ல மனத்தோடு வாங்கினோம் என்பது, பாராமல் வாங்கியதற்குச் சாக்காகாது.

எளிமையைப் புகழ்வதில் உள்ள இடர்

முத்துக்குளிப்பவரின் கருவிகளை நினைத்தால் வியப்பு உண்டாகிறது. ஒரு கல், ஒரு கயிறு, ஒரு வலைப்பை, இவ்வளவே. மற்றதெல்லாம் மூச்சும் பயிற்சியும். “பார்த்தீர்களா, எளிய கருவியால் எவ்வளவு பெரிய வேலை!” என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எடுத்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குப் போய், ஒரு பங்கே மூழ்கியவருக்குக் கிடைத்தது. பிறருடைய கருவி எளிமையாக இருப்பதைப் புகழ்வது, அக்கருவியால் வந்த பயன் யாருக்குப் போயிற்று என்று கேளாதவர்க்கு எளிது. எனவே “எளிமை” என்ற சொல்லையும் நாம் எச்சரிக்கையோடு ஆள வேண்டும். எளிமையை ஏற்பவரே தேர்ந்துகொள்ளும்போது அது அறம். வேறொருவர் அவர்மேல் சுமத்தும்போது அது வறுமையின் மறுபெயர்.

இதைக் கடற்கரை மக்களுக்காக உழைத்த சிலர் செயலில் கண்டறிந்தனர். இ.எஃப். ஷூமாக்கர் 1973-இல் எழுதிய நூலில், சிறியதே அழகு என்னும் கருத்தை முன்வைத்து, ஏழை நாடுகளுக்குத் தேவை பழம்பொருளும் அன்று, பேரியந்திரமும் அன்று, இடைப்பட்ட தொழில்நுட்பமே என்று வாதிட்டார். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில், கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கம் சார்ந்த படகுகட்டும் கூடத்தில் அக்கருத்து சோதனைக்கு உள்ளாயிற்று. கட்டுமரத்துக்கும் பெரும் விசைப்படகுக்கும் இடையே, சிறுமீனவர் கைக்கு எட்டக்கூடிய ஒட்டுப்பலகைப் படகுகளை அங்கு உருவாக்கினர். அப்பணியில் ஈடுபட்ட பியர் ஜிலே 1985-இல் வெளியிட்ட தம் நூலுக்குத் தந்த தலைப்பு, சிறியது கடினம் என்று பொருள்படுவது. ஷூமாக்கரின் தலைப்பை மெல்லத் திருத்தும் தலைப்பு அது. சிறிய கருவியை உருவாக்குவதும், அது அலைக்குத் தாங்குவதும், பயன்படுத்துவோரே பழுதுபார்ப்பதும், அவர்கள் அதைத் தம்முடையது என ஏற்பதும் கடினம். மலிவானதை வாங்குவது எளிது; போதுமானதைக் கண்டறிவது கடினம் என்பதை ஒரு படகுகட்டும் கூடம் பல ஆண்டு உழைப்பில் கற்றது.

யாருடைய கேமரா?

கருவியைத் தேர்ந்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அதை இலவசமாகத் தருவதா? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வெண்டி எவால்டு, 1970-களின் பிற்பகுதியில் கென்டக்கி மாநிலத்து மலைப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்பித்தார். வறுமை மிகுந்த பகுதி அது. அவர் கேமராக்களை இலவசமாகக் கொடுக்கவில்லை. ‘இன்ஸ்டமாட்டிக்’ என்னும் எளிய கேமராவைப் பத்து டாலருக்குப் பிள்ளைகளே வாங்கும்படி செய்தார். தாம் சிறு வேலைகள் செய்து ஈட்டிய பணத்தில் வாங்கியதால் அது அவர்களுடையதாயிற்று. அப்பிள்ளைகள் தம் குடும்பத்தையும் கனவுகளையும் எடுத்த படங்கள் 1985-இல் நூலாக வந்து இன்றும் மதிக்கப்படுகின்றன. அவர் தந்தது பிரவுனி வகையைச் சேர்ந்த, முடிவுகளை மறைக்கும் கேமராதானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் பிலிமைக் கழுவுவதையும் படத்தை அச்சிடுவதையும் இருட்டறையில் பிள்ளைகள் தம் கையாலேயே செய்தனர். கருவி மறைத்த முடிவை ஆசிரியர் வேறு வழியில் அவர்களுக்குத் திருப்பித் தந்தார்.

இம்முறையை அப்படியே இங்குப் பின்பற்ற வேண்டும் என்பதில்லை. பத்து மாணவர்க்கு ஐந்து நல்ல கேமராக்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பத்துச் சாதாரணக் கேமராக்களைவிட இது மேல். முத்துக்குளிப்பில் ஒருவர் மூழ்கினால் ஒருவர் மேலே கயிற்றைப் பிடித்து நிற்பார். இருவர் கவனமும் சேர்ந்தே ஒரு மூச்சு. அதுபோல் ஒருவர் படம் எடுக்க, மற்றவர் அருகே நின்று ஒளியையும் எடுக்கப்படும் மனிதரின் முகத்தையும் கவனிக்கலாம். வாரத்துக்கு 36 படங்கள் மட்டும் என்று ஒரு வரம்பும் வைக்கலாம். ஐந்து கேமராக்களும் ஒரே வகையாக இருப்பது நல்லது. ஒருவன் கையில் உயர்ந்தது, ஒருத்தி கையில் தாழ்ந்தது என்றால், படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கருவியைப் பார்க்கும் நோய் வகுப்பில் புகுந்துவிடும்.

எடுக்கப்படும் மனிதரைப் பற்றிய பொறுப்பும் இங்கேயே தொடங்குகிறது. மதுரைக்கு அருகிலிருந்து வந்த எம். பழனிகுமார் நம் காலத்துப் புகைப்படக் கலைஞர். மீன் விற்று வளர்த்த தாயின் மகன். துப்புரவுத் தொழிலாளரின் வாழ்வைப் பேசிய ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். எளிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்பித்தும் வருகிறார். தம் தாயையும் தம்மைச் சுற்றிய உழைப்பாளரையும் அவர் எடுத்த படங்களைக் காண்பவர்க்கு ஒன்று புலப்படும்: அப்படங்களில் இருப்பவர்கள் பார்க்கப்பட்டவர்களாக இல்லை, பழகியவர்களாக இருக்கிறார்கள். அந்த நெருக்கத்தை எந்தக் கடையும் விற்பதில்லை. ஆனால் அந்த நெருக்கம் படத்தில் வந்து சேர, முகத்தை இருட்டடிக்காத ஒரு கருவியும் அதை ஆளும் அறிவும் வேண்டும். கவனித்தலையே ஓர் அறமாகக் கருதினார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய். கேமரா வகுப்பு ஒன்று கற்பிக்கக்கூடிய தலைசிறந்த பாடமும் அதுவே: அண்டை வீட்டாரை அவசரமின்றிப் பார்ப்பது, பார்ப்பதற்கு முன் அவர் இசைவைக் கேட்பது, வேண்டாம் என்றால் கேமராவைத் தாழ்த்திக்கொள்வது.

ஆகவே, எது போதும் என்ற கேள்விக்கு இப்படி விடை கூறலாம். முடிவுகளை மாணவர் கையில் விடும் கருவி போதும். ஊர்க் கூடத்துச் சுவரில் தொங்கும் படத்துக்குத் தேவையான நுட்பம் போதும். உப்புக் காற்றில் பேணவும் அருகில் பழுதுபார்க்கவும் இயலும் கருவி போதும். அதற்காக எந்த வீடும் கடன்படாதிருத்தல் வேண்டும். இதற்குக் குறைந்ததை மிச்சம் என்ற பெயரில் கொடுக்க வேண்டாம். இதற்கு மிஞ்சியதைப் பெருமைக்காகக் கொடுக்க வேண்டாம்.

இத்தகைய கருவியைப் பெற்ற மாணவி ஓராண்டு கழித்து வந்து, “இந்த லென்ஸால் அந்திநேரத்தில் படகுக்குள் எடுக்க முடியவில்லை, துவாரம் இன்னும் அகலமாகத் திறக்கும் லென்ஸ் வேண்டும், இது எனக்குப் போதாது” என்று காரணத்தோடு சொன்னால், வகுப்பை நடத்தியவர் மகிழலாம். முதல் நாள் அவளுக்காக நாம் “போதும்” என்றோம். இன்று அவளே “போதாது” என்கிறாள். அளவிடும் உரிமை நம்மிடமிருந்து அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. நாம் வாங்கித் தந்த கேமராவின் விலையை இனி அவள் சொல்லட்டும்.